எழுத்தும் இல்லறமும்

நாவலாசிரியர் என்றதும் நம்மில் பலருடைய மனக்கண்முன் ஒரு சித்திரம் எழுவதுண்டு. மலைச்சாரலில் ஒரு பங்களா, ஜன்னலுக்கு வெளியே அடர்ந்த மரங்கள், மேஜைமீது வெள்ளைத் தாள், வேளாவேளைக்குக் காப்பி, சுற்றிலும் நிசப்தம். இந்தச் சித்திரம் அழகானதுதான். ஆனால் தமிழில் நின்று நிலைத்த நாவல்கள் பலவும் இத்தகைய இடங்களில் பிறந்தவை அல்ல. வாடகை வீடுகளிலும், பிள்ளைகள் படுத்துறங்கும் கூடத்தின் மூலையிலும், ஏன், பொதுப் பூங்காவின் பெஞ்சிலும்கூட அவை பிறந்திருக்கின்றன.

இதைச் சொல்ல வேண்டிய அவசியம் நமக்கு இருக்கிறது. வரதய்யபாளையம், சத்தியவேடு, தடா வட்டாரத்தில் பிழைப்பின் பொருட்டு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் எழுத்தார்வம் உடையவர்கள் குறைவல்லர். சங்கத்தின் கூட்டங்களில் அவர்கள் கூறுவது ஒன்றே: "எழுத ஆசைதான், நேரம் எங்கே? வீட்டில் இடம் எங்கே?" தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவரும் இதையே சொல்கிறார், இல்லத்தரசியும் இதையே சொல்கிறார். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கோ வேறொரு கேள்வி: "எழுதி என்ன வரப்போகிறது?" இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இரண்டுக்கும் நேர்மையான விடை காண வேண்டுமானால், குடும்பத்தை நடத்திக்கொண்டே எழுதியவர்களின் வாழ்க்கையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நலம்.

ரயில்வே வீட்டுப் பிள்ளை

அசோகமித்திரன் என்ற பெயரை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். அவருடைய இயற்பெயர் ஜ. தியாகராஜன். 1931-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி செகந்தராபாத்தில் பிறந்தவர். தந்தையார் அங்கே நிஜாம் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தார். ரயில்வே குமாஸ்தாவாக இருக்கும் நமக்கு இந்தச் செய்தியில் தனியானதொரு மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்? அதைவிட முக்கியமானது, நம் குழந்தைகளைப் போலவே அவரும் வீட்டில் தமிழும் தெருவில் வேறு மொழிகளுமாக வளர்ந்தவர் என்பது. தெலுங்கும் உருதும் புழங்கிய ஊரில், பிழைக்க வந்த தமிழ்க் குடும்பமொன்றில் வளர்ந்த சிறுவனே பின்னாளில் தமிழின் தலைசிறந்த நாவலாசிரியர்களுள் ஒருவரானார்.

தந்தையார் மறைந்தபின் 1952-இல் அவருடைய குடும்பம் சென்னைக்கு வந்தது. தந்தையின் நண்பரான எஸ்.எஸ். வாசன் அவர்களின் ஜெமினி ஸ்டூடியோவில், மக்கள் தொடர்புப் பிரிவில், அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். 1966-இல் அந்த வேலையை விட்டார். அதன்பின் நிரந்தரச் சம்பளம் உள்ள உத்தியோகம் எதற்கும் அவர் போகவில்லை. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள குடும்பஸ்தர். கையில் இருந்தது பேனா ஒன்றுதான். கதை எழுதினார், ஆங்கிலப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார், மொழிபெயர்த்தார், "கணையாழி" மாத இதழின் ஆசிரியப் பொறுப்பைப் பல ஆண்டுகள் சுமந்தார். தமிழில் எழுத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது எத்தகைய காரியம் என்பதை நாம் விவரிக்கவும் வேண்டுமோ?

பூங்காவில் ஒரு மேஜை

அவர் குடியிருந்தது சென்னைத் தியாகராய நகரில். அங்கே நடேசன் பூங்கா என்று ஒரு பூங்கா உண்டு. வீட்டில் எழுத வசதிப்படாதபோது தாளும் பேனாவுமாக அந்தப் பூங்காவில் போய் அமர்ந்து எழுதுவது அவர் வழக்கம். மேஜை இல்லை, மின்விசிறி இல்லை. மடியில் அட்டையை வைத்து எழுதிய அந்த மனிதரை, நடந்து போனவர்கள் யாரோ கணக்கு எழுதுபவர் என்று எண்ணியிருக்கக் கூடும்.

இதைச் சிலர் வறுமையின் சித்திரமாகச் சொல்லி இரங்குவார்கள். நமக்கு வேறொன்று தோன்றுகிறது. வீட்டில் இடமில்லை என்று அவர் வீட்டாரைக் கோபித்துக்கொள்ளவில்லை, எழுத்தையும் நிறுத்திவிடவில்லை. வீட்டையும் எழுத்தையும் ஒன்றோடொன்று மோதவிடாமல், இரண்டுக்கும் நடுவே ஒரு நடைபாதையை அமைத்துக்கொண்டார். இது பெரிய சாமர்த்தியம்.

அவருடைய உரைநடையைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வாக்கியங்கள் சிறியவை, சொற்கள் எளியவை. உணர்ச்சி மிகுந்த இடத்திலும் குரல் உயராது. இடையறாது குறுக்கீடுகள் உள்ள வாழ்க்கையில், எந்த நிமிஷமும் நிறுத்திவிட்டு எழுந்துபோக நேரக்கூடிய நிலையில் எழுதுகிறவருக்கு, நீண்ட அலங்கார வாக்கியங்கள் கட்டுப்படியாகா என்பது நமது ஊகம். குடும்பத்தின் நெருக்கடி அவருடைய நடையைக் கெடுக்கவில்லை. ஒருவேளை செதுக்கியே கொடுத்திருக்கலாம்.

விதை முளைக்கும் காலம்

நாவல் எப்படி உருவாகிறது என்று கேட்பவர்கள், அசோகமித்திரனின் மூன்று நாவல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மையைக் காணலாம்.

முதலாவது, 1969-இல் வெளிவந்த "கரைந்த நிழல்கள்". சினிமா உலகத்தின் கதை. நட்சத்திரங்களின் கதை அன்று. படப்பிடிப்பு நடக்க வண்டியும் சாப்பாடும் ஏற்பாடு செய்பவர்கள், சம்பளம் எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள், பணம் முடங்கியதால் நின்றுபோகும் படம் ஆகியவற்றின் கதை. ஸ்டூடியோ வேலையை விட்டு மூன்று ஆண்டுகளில் இந்த நாவல் வந்துவிட்டது. ஆபீஸில் அவர் பார்த்தது எதுவும் வீண்போகவில்லை.

இரண்டாவது, 1970-களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட "தண்ணீர்". சென்னையில் குடிநீர்ப் பஞ்சம். தெருவெல்லாம் குடங்கள். ஜமுனா, சாயா என்ற இரு சகோதரிகளின் வாழ்க்கை அந்தக் குடங்களின் நடுவே நகர்கிறது. தன் வாழ்வே போதும் என்று மனமுடைந்து நிற்கும் ஜமுனாவுக்கு, அடுத்த வீட்டு டீச்சரம்மா தன் சொந்த வாழ்க்கையின் கஷ்டத்தைக் கூறித் தேற்றும் இடம் தமிழ் நாவல்களில் மறக்க முடியாத ஒன்று. இதற்கான சாமான்களைத் தேடி ஆசிரியர் எங்கும் போகவில்லை. காலையில் குடத்தோடு வரிசையில் நின்ற எந்தச் சென்னைவாசிக்கும் அவை தெரிந்தவையே. எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அவர் தண்ணீருக்காக நின்ற மனிதர்களைப் பார்த்தார்.

மூன்றாவது, 1977-இல் வந்த "பதினெட்டாவது அட்சக்கோடு". இதுதான் செகந்தராபாத் நாவல். சந்திரசேகரன் என்ற கல்லூரி மாணவன், ரயில்வே குடியிருப்பு, கிரிக்கெட்டு, மாடு, அண்டை வீட்டு முஸ்லிம் குடும்பங்கள். நாடு விடுதலை பெற்ற பின்னும் ஹைதராபாத் தனி ராஜ்யமாக இருந்து, ரஜாக்கர்களின் கலவரமும், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவ நடவடிக்கையும் நிகழ்ந்த காலம். இளைஞன் ஒருவன் இரு மதத்தார் நடுவே மூண்ட வெறியைக் கண்டு, இறுதியில் மனிதனாக இருப்பதற்கே வெட்கி ஓடும் நிலைக்கு வருகிறான். இந்தக் கதையை எழுத ஆசிரியருக்கு எத்தனை காலம் ஆயிற்று பாருங்கள்! அந்த ஊரை விட்டு வந்தது 1952. நாவல் நூலானது 1977. இருபத்தைந்து ஆண்டுகள் அந்த விதை மண்ணுக்குள் கிடந்திருக்கிறது.

ஒன்று மூன்றாண்டில் முளைத்தது. ஒன்று தெருவிலேயே கிடைத்தது. ஒன்று கால் நூற்றாண்டு காத்திருந்தது. ஆகவே, "இன்று எழுத முடியவில்லையே" என்று வருந்துகிறவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: எழுதாத நாட்களும் எழுத்தாளனுக்குக் கணக்கில் சேரும் நாட்களே, ஆனால் ஒரு நிபந்தனை, அந்த நாட்களில் கண்ணும் காதும் திறந்திருக்க வேண்டும். ஊரைவிட்டு வந்தவர்களாகிய நமக்கு இது இரட்டிப்பு ஆறுதல். விட்டுவந்த ஊரும் நமக்கு விஷயம். வந்து சேர்ந்த ஊரும் நமக்கு விஷயம்.

1973-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் நடத்தும் எழுத்தாளர் பயிற்சித் திட்டத்துக்கு அவர் அழைக்கப்பட்டார். பல தேசத்து எழுத்தாளர்கள் சில மாதங்கள் கூடி வாழ்ந்து, கவலையின்றி எழுதுவதற்கான ஏற்பாடு அது. குடும்பப் பொறுப்பற்ற அந்த ஓய்வுக் காலத்தின் அனுபவங்களும் "ஒற்றன்" என்ற நூலாக வெளிவரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஓய்வு கிடைத்தால் உடனே நாவல் வரும் என்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

1996-இல் "அப்பாவின் சிநேகிதர்" என்ற நூலுக்குச் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது. இருநூறுக்கு மேற்பட்ட சிறுகதைகளையும் பல நாவல்களையும் தந்துவிட்டு, 2017 மார்ச் 23 அன்று தமது எண்பத்தைந்தாம் வயதில் அவர் காலமானார்.

அடுக்களையிலிருந்து உப்பளம் வரை

இதுவரை கூறியது ஓர் ஆடவரின் கதை. ஆடவர் பூங்காவுக்குப் போய் எழுதலாம். அவர் போயிருக்கும் நேரத்தில் அடுப்பைக் கவனித்தவர் யார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர் யார் என்று கேட்டால், எந்த எழுத்தாளர் வீட்டிலும் விடை ஒன்றாகவே இருக்கும். வீட்டுப் பெண்ணே எழுதத் தொடங்கினால் என்ன ஆகும்?

பழைய தலைமுறையில் வை.மு. கோதைநாயகி அம்மாள் இருந்தார். 1901-இல் பிறந்தவர், பால்ய விவாகம் ஆனவர். முதலில் அவருக்குச் சரளமாக எழுதக்கூட வராது. கதையை மனத்தில் கோத்து அவர் வாயால் சொல்ல, தோழியான பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். கணவரின் ஊக்கமும் இருந்தது. பின்னர் "ஜகன்மோகினி" பத்திரிகையை 1960-இல் தாம் மறையும் வரை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். ஒரு தோழி எழுதித் தர முன்வந்திராவிட்டால் இத்தனையும் ஏது?

அடுத்த தலைமுறையில் ராஜம் கிருஷ்ணன். 1925-இல் முசிறியில் பிறந்து, பதினைந்து வயதில் மணமாகி, கூட்டுக் குடும்பத்துக்குள் புகுந்தவர். கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். பத்தாம் வகுப்போடு நின்ற நம்மைப் போன்றோருக்கு இது தைரியம் தரும் செய்தி. கணவர் மின்துறைப் பொறியாளர். அவர் உத்தியோக நிமித்தம் நீலகிரியில் வாழ நேர்ந்தபோது, அந்த மலையில் வாழும் படகர் சமூகத்தின் மூன்று தலைமுறை வாழ்வை உற்றுப் பார்த்து "குறிஞ்சித் தேன்" எழுதினார். மாற்றல் உத்தரவு வந்தால் பலர் மூட்டை கட்டுவதோடு சரி. இந்த அம்மையார் நாவலும் கட்டினார்.

பின்னர் அவருடைய முறை தெளிவாகியது. எதைப் பற்றி எழுதுவதானாலும் அந்த மக்களிடமே போவது, அவர்களோடு தங்கிப் பேசுவது, குறிப்பெடுப்பது, அதன் பிறகே எழுத உட்காருவது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வு "கரிப்பு மணிகள்" ஆனது. கடற்கரை மீனவர், வயல் கூலியாட்கள், தீப்பெட்டித் தொழிலில் ஈடுபட்ட குழந்தைகள், சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர் என்று அவர் தேடிச் சென்ற மனிதர்களின் பட்டியல் நீளும். 1973-இல் "வேருக்கு நீர்" நாவலுக்காகச் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றார். கணவரின் துணை இவ்வளவுக்கும் உடன் நின்றது. மனைவி எழுதுவதைத் தமது கௌரவத்துக்குக் குறைவாக எண்ணாத கணவர் அமைந்தது தமிழுக்கு லாபம்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதாவிட்டால் கணக்கு முடியாது. 2002-இல் கணவர் மறைந்தார். குழந்தைகள் இல்லை. கைப்பொருளும் நிற்கவில்லை. அத்தனை நூல்களை எழுதிய அம்மையார் கடைசிக் காலத்தில் சென்னையில் ஒரு முதியோர் இல்லத்திலும், பிறகு ஒரு மருத்துவமனையின் ஆதரவிலும் வாழ்ந்தார். 2009-இல் தமிழக அரசு அவர் உயிரோடிருக்கும்போதே அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கி உதவித் தொகை அளித்தது. 2014 அக்டோபரில் மறைந்தார். நாவல்கள் நின்றன, நாவலாசிரியருக்கு நிற்க இடம் இல்லாதிருந்தது.

புதுமைப்பித்தனையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பத்திரிகையிலும் பின்னர் சினிமாவிலும் பிழைப்பைத் தேடி, மனைவி கமலா அம்மையாரையும் சிறு பெண்ணையும் ஊரில் விட்டுத் தொலைதூரம் சென்றார். காச நோயோடு திரும்பினார். 1948 ஜூன் 30 அன்று நாற்பத்திரண்டு வயதில் திருவனந்தபுரத்தில் உயிர் நீத்தார். மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாயின. பிழைப்புக்காகப் பிரிந்து வாழும் குடும்பங்களில் அந்நூலைப் படிப்பவர்களுக்கு, அதை வெறும் இலக்கியமாக மட்டும் படிக்க முடியாது.

ஒரு குமாஸ்தாக் கணக்கு

"எழுதி என்ன வரப்போகிறது?" என்ற கேள்விக்கு இப்போது விடை கூறலாம். பணம் பெரிதாக வராது. மேற்சொன்ன மேதைகளுக்கே வரவில்லை. எனவே குடும்பத்துக்குச் சோறு போடும் உத்தியோகத்தை, கதை எழுதும் ஆசையால் உதறிவிடுமாறு நாம் எவருக்கும் யோசனை சொல்லமாட்டோம். அசோகமித்திரன் உதறினார் என்றால், அது அவர் சக்தி. அவர் வீட்டாரின் பொறுமை.

"நேரம் எங்கே?" என்ற கேள்விக்கு நம் தொழிலுக்கேற்ப ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். நாளொன்றுக்கு 200 சொற்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அது ஒரு நோட்டுப் பக்கத்துக்கு மேல் போகாது. 250 நாட்களில் 50,000 சொற்கள். அளவான ஒரு நாவலுக்கு அது போதும். வருஷத்தில் மிச்சம் 115 நாட்கள். காய்ச்சல், பண்டிகை, ஊர்ப் பயணம், விருந்தாளி, இரவு டியூட்டி முடிந்த களைப்பு என எல்லாவற்றுக்கும் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். நல்ல சொற்களாக வருமா என்பது வேறு விஷயம். அதற்கு அடித்தல் திருத்தல் உண்டு. ஆனால் நேரமே இல்லை என்ற வாதம் இந்தக் கணக்கின் முன் நிற்காது. ஒரு மணி நேரம் கைப்பேசியை ஓரமாக வைத்தாலே கிடைக்கக்கூடிய நேரம் இது.

எனினும் அந்த ஒரு மணி நேரம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. வீட்டில் யாரோ ஒருவர் அதைத் தம் பங்கிலிருந்து எடுத்துத் தருகிறார். மனைவி தரலாம், கணவர் தரலாம், வயது வந்த மகள் தரலாம், பாட்டி தரலாம். அதைப் பெறுகிறவர் அது யாருடைய நேரம் என்று அறிந்து பெற வேண்டும். கடன் வாங்கியவர் திருப்பித் தருவதுபோல, மாலையில் ஒரு மணி நேரம் எழுதியவர் காலையில் ஒரு மணி நேரம் காய் நறுக்கித் தந்தால் இலக்கியத்துக்குப் பழுது ஒன்றும் வந்துவிடாது. அப்படிச் செய்கிற வீட்டில் "எழுதி என்ன வரப்போகிறது?" என்ற கேள்வியும் மெல்ல மெல்ல, "இன்று என்ன எழுதினீர்கள்?" என்று மாறும்.

நம் அன்பர்களுக்கு

நாம் வாழும் இந்த மண்ணின் சரித்திரமே எல்லைகளின் சரித்திரம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கும், சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்கும் கைமாறின. 2022-இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, வரதய்யபாளையம் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. கோடு மாறியது, கோட்டுக்கு இருபுறமும் சந்தையில் இரண்டு மொழியும் கலந்து பேசும் மக்கள் மாறவில்லை. இந்தத் தொழிற்பேட்டை வாழ்க்கை, ஷிப்டுப் பஸ், வாரக் கடைசியில் ஊருக்கு ஓடும் ரயில், பள்ளியில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாகத் திகைக்கும் குழந்தை ஆகிய இவையெல்லாம் யாருடைய நாவலில் வரப்போகின்றன? செகந்தராபாத்தின் தமிழ் வீடுகளைப் பற்றி, அந்த வீடுகளில் ஒன்றில் வளர்ந்தவரே எழுதினார். நம் வீடுகளைப் பற்றியும் நம் வீட்டிலிருந்துதான் ஒருவர் எழுத வேண்டும்.

அவர் யார் என்று நமக்கு இப்போது தெரியாது. இரவு ஷிப்டு முடித்து வந்து உறங்குகிறவராக இருக்கலாம். சமையல் முடித்து மாவு அரைத்துக்கொண்டிருப்பவராக இருக்கலாம். தமிழை இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுமியாகவும் இருக்கலாம். சிறுமிக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுப்பது நம் முதற் கடமை. மற்றவர்களுக்கு அவரவர் வீட்டில் ஒரு மூலையும், நாளில் ஒரு மணி நேரமும் ஒதுக்கித் தருவது அடுத்த கடமை. செலவில்லாத உதவிகள் இவை. நோட்டுப் புத்தகத்தின் விலையைத் தவிர!